மறுகாலும் இறைப்பும்: படகு நீர் வடித்த கதை

குளத்துப் பாசனத்தில் வளர்ந்த தென்காசிச் சீமையில் நீரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதை எப்படித் தேக்குவது என்பதாகவே இருக்கும். படகுக்காரரின் கவலை நேர்மாறானது. தம் படகினுள் வந்து சேரும் நீரை எப்படி வெளியே அனுப்புவது என்பதே அவருக்கு அன்றாடச் சிக்கல். மேலே அலை அடித்து நீர் விழும், கீழே பலகை இடுக்கில் நீர் கசியும், மழை பெய்யும், வலையோடு நீர் ஏறும். படகைச் செய்த நாள் முதல் மனிதன் இந்த நீரோடு வழக்காடி வந்திருக்கிறான். கடலைப் பற்றியும் கலத்தைப் பற்றியும் நம் இலக்கியங்கள் நிறையவே பேசியுள்ளன. ஆனால் கலத்தின் அடியில் குந்தி நீர் இறைத்தவனைப் பற்றிய பேச்சு அரிது. அவனுடைய வேலையின் வரலாற்றையும், மோட்டார் வந்தபின் அந்த வேலை என்னவாயிற்று என்பதையும் சொல்லிப் பார்க்கும் முயற்சி இது.

கடல் இல்லாத ஊரிலிருந்து இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. குற்றாலத்தில் ஐந்தருவிக்குச் செல்லும் சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. சாரல் காலத்தில் குளம் நிறைந்ததும் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விடுகிறார்கள். மிதிபடகும் துடுப்புப் படகும் மிதக்கும் அக்குளத்தின் பெயரிலேயே 'மடை' இருக்கிறது. மடை என்பது தேங்கிய நீரை விருப்பம்போல் திறந்துவிடும் வாய். படகின் நீர் வடிகாலைப் புரிந்துகொள்ளத் தேவையான மூன்று கருவிகளும் நம் குளக்கரையிலும் தோட்டக் கிணற்றிலும் உள்ளன. அவற்றை முதலில் நினைவில் கொள்வோம்.

முதலாவது, கலிங்கு. குளம் தன் முழு மட்டத்துக்கு மேல் நிறைந்தால், மிகை நீர் யார் உதவியும் இன்றித் தானே வழிந்து ஓடுவதற்காகக் கரையில் கட்டிய கற்கட்டு அது. அப்படி ஓடுவதை எங்கள் பக்கத்தில் 'குளம் மறுகால் பாய்கிறது' என்போம். இரண்டாவது, குமிழித் தூம்பு. குளத்தின் உள்ளே கல்தூண்களுக்கு நடுவே ஒரு துளை. அதை அடைத்த குழவியை மேலே தூக்கினால் நீர் கரைக்கு அடியில் உள்ள வழியே வெளியேறும். அதிலும் நீரோடித் துளை, சேறோடித் துளை என்று தனித்தனியே வைத்தார்கள். நீரோடு வண்டல் போகாவிட்டால் தூம்பு அடைத்துக்கொள்ளும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். மூன்றாவது, கமலை. கிணற்று நீர் வயல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே கலிங்கும் உதவாது, மடையும் உதவாது. மாட்டையோ மனிதனையோ வைத்து நீரைத் தூக்கித்தான் ஆகவேண்டும். தமிழில் அதற்கு இறைத்தல் என்று பெயர். படகின் அடியிலிருந்து நீரை எடுத்து வெளியே கொட்டுவதற்கும் நம் மொழியில் அதே சொல்தான்.

படகின் நீர் வடிகால் முழுவதும் இந்தப் பாகுபாட்டில் அடங்கிவிடும். வெளியே உள்ள கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நீர் தானே போகும். அதற்கு வழி விட்டால் போதும். கடல் மட்டத்துக்குக் கீழே சேர்ந்த நீர் தானே போகாது, அதை இறைக்கவேண்டும். முன்னது மறுகால், பின்னது இறைப்பு.

நம் கடற்கரையின் மிகப் பழைய கலமான கட்டுமரம் மறுகாலை மட்டுமே அறிந்தது. எடை குறைந்த மரத்தடிகளைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்துக் கட்டிய மிதவை அது. அதற்கு உள் என்பதே இல்லை. ஆகவே உள்ளே நீர் தேங்க இடமும் இல்லை. அலை மேலே ஏறினால் தடிகளின் இடைவெளி வழியே அப்போதே இறங்கிவிடும். கட்டுமரத்தை நீர் நிரப்பி மூழ்கடிக்க முடியாது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை விவரித்தார். இன்று உலக மொழிகள் பலவற்றில் இரட்டை உடல் கொண்ட படகுக்கு வழங்கும் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து பிறந்ததே. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிய நீண்ட ஆய்வில் இக்கலத்துக்குரிய இடத்தைக் கொடுத்தார்.

ஆயினும் கட்டுமரத்துக்கும் நீர் இறங்காத ஓர் உள் இருக்கத்தான் செய்தது. அது மரத்தின் நுண்துளை. நாள் முழுவதும் கடலில் கிடந்த தடி நீரைக் குடித்துக் கனக்கும். கனத்த தடி தாழ மிதக்கும். அதனால்தான் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியே மணலில் கிடத்திக் காயவைத்தார்கள். வெயிலைக் கொண்டு செய்த இறைப்பு என்று அதைச் சொல்லலாம். கடலுக்குப் போகாத நேரத்திலும் படகு உலர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்த வேலையில் இருந்தது.

வள்ளமும் தோணியும் வேறு வகையின. மேற்குத் தொடர்ச்சி மலையின் அயினி போன்ற மரங்களைக் குடைந்தும், பலகைகளைக் கயிற்றால் தைத்தும், பின்னர் ஆணி அடித்தும் அவற்றைச் செய்தார்கள். இவை நீரை வெளியே நிறுத்தி நடுவில் காற்றை வைத்துக்கொள்வதால் மிதப்பவை. எனவே சுமை நிறைய ஏற்றலாம். உடல் நனையாமல் உட்காரலாம். அதற்குத் தரும் விலை, உள்ளே வந்த நீர் தானாக வெளியே போகாது என்பது. சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், நங்கூரம் பாய்ச்சிய கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் கொண்டுபோன மசூலா படகுகள் இப்படித் தைத்த படகுகளே. அலை மோதும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுக்கும் தையல் கசியவும் செய்யும். ஆகவே அப்படகில் நீர் இறைப்பது ஓய்வில்லாத வேலை. அலை கொந்தளிக்கும்போது மசூலா படகின் பக்கத்திலேயே கட்டுமரங்கள் துணைக்குச் சென்றன. கவிழ்ந்தால் ஆளை எடுப்பதற்காக. சுமைக்கு ஒரு கலம், உயிருக்கு ஒரு கலம் என்று நம் கரை இரண்டையும் அருகருகே வைத்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். பின்னால் இது தேவைப்படும்.

இறைப்பவனின் வேலை எத்தகையது என்பதைக் கணக்கில் பார்ப்போம். கடல் மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளை. நம் பழைய ஒரு ரூபாய்க் காசின் அகலந்தான். அதன் வழியே நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் நீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை டன். பத்து லிட்டர் வாளியால் நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல், நிறுத்தாமல், குனிந்து நிமிர்ந்து இறைத்தால்தான் படகு இருந்தபடி இருக்கும். துளை இரட்டிப்பு அகலமானால் நீர் நான்கு மடங்கு ஆகும். பனையோலைப் பட்டையோ, மரத்தில் குடைந்த அகப்பையோ, இக்காலத்தில் வாயை அறுத்த பிளாஸ்டிக் கேனோ, எதுவானாலும் கையின் பலம்தான் எல்லை.

அந்தக் கையின் சுமையைக் குறைக்க உலகெங்கும் முயன்றிருக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சைரக்கியூஸ் அரசன் இரண்டாம் ஹீரோன் கட்டிய பெருங்கப்பலில், ஆர்க்கிமிடீஸ் அமைத்த திருகு ஒன்றைச் சுழற்றி ஒற்றை ஆளே அடிநீரை வெளியேற்றினான் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் அதினேயஸ் எழுதிவைத்திருக்கிறார். ஐரோப்பியப் போர்க்கப்பல்களில் சங்கிலிப் பம்புகள் இருந்தன. சிறு படகுகளுக்கு ஏற்ற மாற்றம் 1859இல் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஜேக்கப் எட்சன் சவ்வுப் பம்பை உருவாக்கினார். நெகிழும் தோல் ஒன்றை மேலும் கீழும் அசைத்து, இரண்டு அடைப்பிதழ்களால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் கருவி அது. அடிநீரில் மரத்தூளும் மீன்செதிலும் கயிற்றுத் துணுக்கும் மிதக்கும். உருளைக்குள் தண்டு ஓடும் பம்பு அவற்றில் சிக்கி நின்றுவிடும். சவ்வுப் பம்பு அவ்வளவு எளிதில் நிற்காது. நம் சேறோடித் துளைக்குப் பின்னால் இருந்த அதே கவலை இங்கும் தெரிகிறது. கைப்பம்புகளில் இன்றும் அந்த அமைப்பே பரவலாக இருக்கிறது.

மறுகால் வழியில் வந்த பெரிய முன்னேற்றம் உயிர்காப்புப் படகுகளில் நிகழ்ந்தது. நார்தம்பர்லாந்து பிரபு அறிவித்த பரிசை 1851இல் கிரேட் யார்மத் நகரத்துப் படகுத் தச்சர் ஜேம்ஸ் பீச்சிங் வென்றார். அவர் படகில் மேல்தளம் கடல் மட்டத்துக்கு மேலே இருந்தது. தளத்திலிருந்து படகின் அடி வரை குழாய்கள் இறங்கின. அலை ஏறிப் படகு நிரம்பினால், தளத்து நீர் அக்குழாய் வழியே தன் எடையாலேயே கடலுக்கு இறங்கிவிடும். கீழிருந்து கடல் மேலே வராதபடி அடைப்பிதழ் தடுக்கும். கலிங்கைப் படகுக்குள் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தளம் எப்போதும் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். அளவுக்கு மீறி ஆளையும் சரக்கையும் ஏற்றிப் படகு தாழ்ந்துபோனால், நீர் வெளியே போகும் வழியே நீர் உள்ளே வரும் வழி ஆகிவிடும். குளத்தின் கலிங்கு ஒருபோதும் திசை மாறாது. படகின் கலிங்கு மாறும். இந்த ஒன்றை மறந்ததால் போன உயிர்கள் பல.

இனி மோட்டாருக்கு வருவோம். தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டினால் கொல்லம். 1904 முதல் இரயில் இவ்விரு பக்கத்தையும் இணைத்தது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. அந்தக் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில்தான் சுதந்திர இந்தியாவின் மீன்பிடி மோட்டார்மயத்தின் முக்கியமான தொடக்கம் ஒன்று நிகழ்ந்தது. 1952 அக்டோபர் 17இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்றும் செய்த உடன்படிக்கையின்படி 1953இல் இந்தோ நார்வே திட்டம் அங்கே தொடங்கியது. உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்பதே தொடக்க எண்ணம். அது கைகூடவில்லை. அந்த வள்ளங்கள் எஞ்சினைத் தாங்க ஏற்றவையாக இல்லை. புதிய வடிவில் படகுகள் கட்டவேண்டி வந்தது.

ஏன் தாங்கவில்லை என்பதில் நம் பொருளுக்கான செய்தி இருக்கிறது. எஞ்சின் ஓயாமல் அதிரும். கயிற்றுத் தையலுக்கும் பலகை இடுக்குக்கும் அதிர்ச்சியே பகை. இடுக்கு விட்டுக் கசிவு கூடும். உள்ளே பொருத்தும் எஞ்சினானால், அதன் சுழல்தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போகவேண்டும். அந்தத் துளையில் கயிறு திணித்து இறுக்கினாலும், தண்டு சூடேறாமல் சுழலச் சொட்டுச் சொட்டாக நீர் வரவிட வேண்டியிருக்கும். அதாவது, நாமே விரும்பி வைத்துக்கொண்ட ஒரு கசிவு. அதோடு எண்ணெயும் டீசலும் அடிநீரில் கலக்கும். துடுப்பும் பாயும் கொண்டு ஓடிய காலத்தில் அடிநீர் வெறும் நீர்தான். இப்போது அது வழுக்கும், நாறும், தீப்பிடிக்கவும் கூடிய கலவை.

இன்னொரு மாற்றம் ஆட்களைப் பற்றியது. துடுப்புப் போட ஐந்தாறு பேர் வேண்டியிருந்த படகில் ஒருவர் எப்போதும் நீர் இறைக்கக் கிடைப்பார். அது பெரும்பாலும் தொழில் பழக வந்த சிறுவனின் வேலை. எஞ்சின் வந்தபின் இரண்டு மூன்று பேரே போதும் என்றாயிற்று. ஒருவர் சுக்கானில், ஒருவர் வலையில். நீர் இறைக்க யார்? அந்த இடம் காலியாயிற்று. வண்ணநிலவன் 1977இல் எழுதிய 'கடல்புரத்தில்' நாவலை நம்மில் பலர் அன்பின் கதையாகப் படித்திருக்கிறோம். லாஞ்சி ஒரு பக்கமும் வள்ளம் ஒரு பக்கமுமாக ஒரு கடலோர ஊர் பிளவுபட்டதன் ஆவணமும் அது. லாஞ்சி மீனை மட்டும் வாரிக்கொண்டு போகவில்லை. ஒரு படகுக்குள் யார் என்ன செய்வது என்ற பழைய ஒழுங்கையும் கலைத்தது.

1980களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் அவுட்போர்டு எஞ்சின் பரவியது. இதில் தண்டுக்காகத் துளையிடும் தொல்லை இல்லை. எஞ்சின் முழுவதும் பின்பலகையில் தொங்கும். ஆனால் அதன் எடையும், அதை இயக்குபவரின் எடையும் படகின் பின்முனையில் சேரும், பின்பக்கம் தாழும், எஞ்சினுக்காகப் பின்பலகை வெட்டித் தாழ்த்தப்பட்டிருந்தால் பின்னாலிருந்து வரும் அலை அந்த வழியே உள்ளே விழும். துடுப்புப் போட்டவர் அலையைப் பார்த்து நிதானித்தார். எஞ்சின் போட்டவர் அலையை எதிர்த்து ஓட்டினார். அணியத்திலும் நீர் ஏறியது.

இச்சிக்கல்களை எதிர்கொள்ள நம் கரையிலேயே முயற்சிகள் நடந்தன. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் இயங்கிய படகு கட்டும் நிலையத்தில், பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்க உழைத்தார். கட்டுமரத்துக்கான தடிகள் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறிய காலம் அது. தம் அனுபவங்களை அவர் 1985இல் நூலாக்கினார். 'சிறியதே அழகு' என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற தலைப்பைத் திருப்பிப்போட்டு, 'சிறியது கடினம்' என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பிலேயே ஒரு வரலாறு உண்டு. 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஒட்டுப்பலகை வள்ளங்களைக் கட்டித் தந்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, சுவீடன் நாட்டு உதவியோடு, ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத திறந்த கரையில் அலையைக் கடந்து ஏறியிறங்கும் மோட்டார் படகுகளை அத்திட்டம் வடிவமைத்துச் சோதித்தது. அதில் பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் குல்பிராண்ட்சனும் பஜோவும் சேர்ந்து எழுதிய சிறு மீன்பிடிப் படகுகளுக்கான பாதுகாப்புக் கையேடு 1993இல் சென்னையிலிருந்து வெளியாயிற்று.

இத்தகைய முயற்சிகளிலிருந்தும் உலக அனுபவத்திலிருந்தும் திரண்ட முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தளம் கடல் மட்டத்துக்கு மேலே, சற்றே பின்னோக்கிச் சரிந்து இருக்கவேண்டும். தளத்தைச் சூழ்ந்த பக்கச்சுவரின் அடியில், தளத்தோடு ஒட்டி வடிதுளைகள் வேண்டும். அவை பெயருக்குத் துளையாக இருந்தால் போதாது. ஏறிய அலை அடுத்த அலை வருமுன் இறங்கும் அளவு பெரிதாக இருக்கவேண்டும். குளத்தின் கலிங்கு எவ்வளவு நீளம் என்பது வரும் வெள்ளத்தைப் பொறுத்தது அல்லவா, அதே கணக்கு. துளையின் வெளிப்புறத்தில் ரப்பர் இதழ் ஒன்று தொங்கும்; உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடும். தளத்திலுள்ள மூடிகள் நீர் புகாமல் இறுக மூடவேண்டும். இல்லாவிட்டால் தளத்து நீர் மறுகாலாகப் போகாமல் அடிநீராக இறங்கி, எளிய வேலையைக் கடிய வேலையாக்கிவிடும்.

தளத்துக்குக் கீழே, படகின் குறுக்குச் சட்டங்களின் அடியில் சிறு பொந்துகள் விடுவார்கள். அங்கங்கே கசிந்த நீர் அவற்றின் வழியே ஓடித் தாழ்ந்த ஓரிடத்தில் சேரும். நம் தூம்பின் சொல்லைக் கடன் வாங்கி அவற்றையும் நீரோடித் துளை என்றே அழைக்கலாம். சேர்ந்த நீரை எடுக்கக் கைப்பம்பு. அல்லது பேட்டரி இருந்தால் 12 வோல்ட் மின்பம்பு. மின்பம்பில் மிதவை ஒன்று நீர் உயர்ந்ததும் எழுந்து பம்பைத் தானே முடுக்கிவிடும். பெட்டியின் மேல் மணிக்கு 1,100 காலன், அதாவது ஏறத்தாழ 4,160 லிட்டர் என்று போட்டிருப்பார்கள். நீரை மேலே தூக்கவேண்டாத நிலையில் எடுத்த அளவு அது. குழாய் நீண்டு, வளைந்து, ஒரு மீட்டர் மேலே போய் வெளியேறும்போது அளவு வெகுவாகக் குறையும். பேட்டரி நீரில் முழுகினால் பம்பு நிற்கும். மின்பம்பு இருக்கும் படகிலும் கைப்பம்பும் வாளியும் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

படகின் பின்பலகையின் அடியில் திருகடைப்பு ஒன்றும் இருக்கும். கரைக்கு ஏற்றியதும் அதைக் கழற்றினால் அடிநீர் முழுவதும் வடியும். இது நம் குமிழித் தூம்பின் குழவியே. விரைவாக ஓடும் மோட்டார் படகில் இதைக் கடலிலேயே திறப்பதும் உண்டு. படகு அணியத்தைத் தூக்கிப் பாயும்போது உள்நீர் பின்னால் வந்து சேரும். பின்பலகைக்குப் பின்னால் நீரோட்டம் விரைந்து விலகும்போது ஏற்படும் உறிஞ்சல் அந்த நீரை வெளியே இழுத்துவிடும். வேகம் குறையுமுன் அடைப்பை மூடிவிட வேண்டும். மறந்தால், வடித்த துளை வழியே கடல் உள்ளே வரும்.

தளத்தில் நிற்கும் நீரை ஏன் இவ்வளவு அவசரமாக வெளியேற்ற வேண்டும் என்று கேட்கலாம். 5 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால் அதன் எடை 750 கிலோ. பத்துப் பன்னிரண்டு பேர் ஏறியதற்குச் சமம். எடையைவிடக் கொடியது அது நகரும் என்பது. ஆலத்தித் தட்டில் நீர் ஏந்தி நடந்தவர்களுக்குத் தெரியும். தட்டு சற்றே சாய்ந்தால் நீர் முழுவதும் சாய்ந்த பக்கம் ஓடி மேலும் சாய்க்கும். படகிலும் அதுவே. நீரின் அகலம் இரட்டித்தால் இந்தக் கேடு எட்டு மடங்காகும். நடுவே நெடுக ஒரு தடுப்பு வைத்தால் கால்பங்காகக் குறையும். படகுகள் பல சமயம் நீர் நிரம்பி மூழ்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடுவது இதனால்தான்.

1958இல் அமெரிக்காவில் பாஸ்டன் வேலர் என்ற சிறு மோட்டார் படகு வந்தது. இரண்டு கண்ணாடியிழை ஓடுகளுக்கு இடையே நுரையை நிரப்பிக் கட்டியது. 1961இல் அதை நடுவில் அறுத்தும் பாதிப் படகு மிதப்பதைக் காட்டிய படங்கள் 'லைஃப்' இதழில் வெளிவந்து புகழ்பெற்றன. மூழ்காத படகு என்று உலகம் வியந்தது. உள் என்று ஒன்று இல்லாவிட்டால் நீர் நிரம்ப இடமில்லை என்ற கட்டுமரத்தின் பாடந்தான் அது. மரத்துக்குப் பதில் நுரை. கட்டுமரத்தின் காப்பும் வள்ளத்தின் கொள்ளளவும் ஒரே கலத்தில் சேரமுடியும் என்பதை அது காட்டியது.

நம் கரையிலும் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இழந்த கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் ஈடாக அவை பெருமளவில் பரவின. கசியும் தையலும் இல்லை, நீர் குடிக்கும் மரமும் இல்லை. ஆனால் கண்ணாடியிழை மரத்தைப் போல் தானே மிதக்கும் பொருள் அன்று. உள்ளே நுரையோ மூடிய காற்றறையோ இல்லாத கண்ணாடியிழைப் படகு, நீர் நிரம்பினால் எஞ்சினோடு அடிக்குப் போகும். நுரையைக் குறைத்தால் செலவு குறையும், மீன் வைக்க இடம் கூடும். கண்ணுக்குத் தெரியாத பொருள் ஆகையால் வாங்குபவர் அறியமாட்டார். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் குமரிக் கரையோரைக் கடலில் சிதறடித்தபோது, கவிழ்ந்த படகின் மேல் தொற்றிக்கொண்டு கிடந்து மீண்டவர்கள் உண்டு. தொற்றிக்கொள்ளப் படகு மிஞ்சாதவர்களும் உண்டு. அன்றைய சாவுகளுக்கு முன்னறிவிப்புக் குறை உள்ளிட்ட பல காரணங்கள் இருந்தன. ஆயினும் கவிழ்ந்த பின்னும் மிதக்கும் கலம் என்பது, மசூலா படகின் பக்கத்தில் சென்ற கட்டுமரத்துக்குச் சமம். ஒரே கலத்தில் அதை அடக்கும் வழி கைக்கு வந்த பிறகும் நாம் அதை எல்லாருக்கும் உறுதி செய்யவில்லை.

உள்நாட்டு நீர்நிலைகளிலும் இதே கதைதான். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில், அளவுக்கு மீறி ஏற்றிய சுற்றுலாப் படகு நீர் புகுந்து மூழ்கியதில் 15 மாணவரும் 3 ஆசிரியரும் இறந்தனர். அலையில்லாத, அருகிலேயே கரை தெரியும் ஆறு அது. மாணவரை அழைத்துக்கொண்டு சுற்றுலா போகும் ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் இச்செய்தியை என்னால் எளிதில் கடக்க முடிந்ததில்லை. 2012இல் ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம், பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம், பன்னாட்டுக் கடல்சார் நிறுவனம் ஆகிய மூன்றும் 12 மீட்டருக்குக் குறைந்த தளமுள்ள மீன்படகுகளுக்கும் தளமில்லாத மீன்படகுகளுக்குமான பாதுகாப்புப் பரிந்துரைகளை வெளியிட்டன. வடிதுளைக்கும் பம்புக்கும் அவற்றில் இடமுண்டு. பரிந்துரை தாளில் இருக்கிறது. வடிதுளையில் வலைநூல் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது படகில் இருப்பவரின் கண்.

அந்தக் கண்ணைப் பழக்கியது எது என்பதே என் கேள்வி. குளத்தில் அது மடைக்குடும்பரின் வேலை. நீருக்குள் இறங்கிக் குழவியைத் தூக்கியவர் அவர். படகில் அது இறைத்த சிறுவனின் வேலை. நாளெல்லாம் அடிநீரில் உட்கார்ந்திருந்ததால், நீர் இன்று வழக்கத்தைவிடக் கூடுதலாக வருகிறதே, எந்தப் பலகையில் விட்டிருக்கிறது என்று முதலில் அறிந்தவன் அவனே. இறைப்பு உழைப்பாக மட்டும் இருக்கவில்லை; படகின் உடல்நிலையை அறியும் நாடிப் பரிசோதனையாகவும் இருந்தது. தானே முடுக்கிக்கொள்ளும் பம்பு உழைப்பைப் போக்கியது, மிக நல்லது. கூடவே அந்த அறிவையும் போக்கிவிட்டது. ஓசையின்றி அடிக்கடி ஓடும் பம்பு, கசிவு பெருகுவதை மறைத்தும் வைக்கும். அதனால்தான் தேர்ந்த படகோட்டிகள் பம்பு எத்தனை முறை ஓடிற்று என்று கணக்கு வைக்கிறார்கள்.

படகின் அடியில் நீர் சேரும் அந்தப் பள்ளத்துக்கு எஞ்சின் பழுது பார்ப்பவர்கள் 'பில்ஜ்' என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வகுப்பில் ஒரு கடலோர மாணவர் கேட்டபோது, அடிப்பள்ளம் என்றேன். சொல் பொருந்தியது, ஆனால் கேள்வி தொடர்ந்தது. தம் தாத்தா அந்த நீரைப் பார்த்தே படகின் வயதைச் சொல்வார் என்றார் அவர். அப்படிப்பட்டவர்கள் இன்னும் நம் கரைகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிந்துவைக்கும் வேலை மொழி படித்தவர்களுக்கும் உரியது. வலைக்கும் மீனுக்கும் காற்றுக்கும் சொல் தொகுத்தவர்கள், நீர் இறைத்தவனின் சொற்களையும் தொகுக்கவேண்டும்.

சாரல் காலம் வந்தால் வெண்ணமடைக் குளத்தில் படகுகள் மிதக்கும். வேறு ஊர்களில் மோட்டார் படகிலும் ஏறுவீர்கள். ஏறும்போது மூன்றைப் பாருங்கள்: தளம் வெளிநீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, வடிதுளைகள் திறந்திருக்கின்றனவா, அடிப்பள்ளத்தில் நீர் எவ்வளவு. நான்காவதாகப் படகோட்டியிடம், "அண்ணாச்சி, தண்ணி இறைக்க என்ன வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். சிரிப்பாரே தவிரக் கோபிக்கமாட்டார். ஒரு வாளியையாவது எடுத்துக் காட்டினால் ஏறி உட்காருங்கள்.